நீரோடு போகாத வட்டம்

பூச்சிகள் ஆற்றை விட்டுவிட்டுச் சாலைக்கு வந்திருந்தன.

வேலியோரம் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்காமல், டெஸ்மண்ட் பில்பீம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜூன் மாதத்து முதல் வாரம். ஹாம்ப்ஷயரில் இந்த நாட்களில் மாலை என்பது விடைபெற மனம் வராத விருந்தாளியைப் போல வாசலிலேயே நின்று பேசிக்கொண்டிருக்கும். இந்நேரம் லார்ன் ஆற்றின்மேல் கூட்டங்கூட்டமாக எழும்பியும் தாழ்ந்தும் ஆடிக்கொண்டிருக்க வேண்டிய, ஒரே நாள் ஆயுள்கொண்ட மேப்பூச்சிகள், பாலாடை நிறத்து இறக்கையும் நீண்ட வால்மயிருமாக, முள்வேலியைத் தாண்டி வந்து தாரில் இறங்கி, வயிற்று நுனியால் அதைத் தொட்டுத் தொட்டு முட்டையிட்டுக்கொண்டிருந்தன.

மழையில் நனைந்து மின்னும் சாலையை ஆறென்று அவை நம்பிவிடும் என்று பில்பீம் படித்திருந்தார். ஆனால் மழை பெய்து நாளாகிவிட்டது. சாலை வெளுத்துப் புழுதி மண்டிக் கிடந்தது. சில பூச்சிகள் அவருடைய காரின் மேலும் முட்டையிட்டன. அதுவும் மின்னவில்லை. மின்னாமல் இருப்பதற்காக அவர் அரும்பாடு பட்டிருந்தார். லார்ன் மேல்நீர்க் கழகம் என்ற தூண்டில்காரர் சங்கத்து உறுப்பினர்களின் கார்கள் எல்லாம் சேறு அப்பியவை என்பதைக் கவனித்துவைத்து, காலையில் தோட்டத்தில் வாளியில் மண்ணைக் கரைத்துக் கதவுகளில் பூசியிருந்தார்.

"கார் கழுவ ஸ்பாஞ்ச் எடுத்துட்டுப் போறவங்களைப் பார்த்திருக்கேன்," என்று சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி வின்னி சொன்னாள். "அழுக்காக்க எடுத்துட்டுப் போற முதல் ஆள் நீதான், டெஸ்மண்ட்."

அவளுக்குப் புரியாது. கழகத்தில் ஓர் உறுப்பினர் செத்தால்தான் ஓர் இடம் காலியாகும். குளிர்காலத்தில் ஒரு பாதிரியார் நிமோனியாவில் போய்ச்சேர்ந்தார். பில்பீம் கண்ணீர் மல்க இரங்கல் அட்டை அனுப்பிவிட்டு அன்றிரவே விண்ணப்பத்தையும் அனுப்பினார். இன்று பரீட்சை. தலைவர் கர்னல் வெனபிள்ஸுடன் ஒரு மாலை மீன் பிடிக்க வேண்டும். கர்னல் தலையசைத்தால் உள்ளே. உதட்டைப் பிதுக்கினால், பெயரை அடித்துவிடுவார்கள். மறுபடி கேட்க வழியில்லை. பேசிங்ஸ்டோக் நகரில் தரைவிரிப்புக் கடை வைத்திருப்பவர் அவர் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. 'உள்ளலங்காரத் துறை' என்று எழுதியிருந்தார். வாழ்க்கையில் ஒரே ஒரு இடத்திலாவது, எல்லாரும் அவருடைய காலணியை விட்டு முகத்தைப் பார்க்கும் ஓர் இடத்தில், தானும் ஒருவராக நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

கார்க் கதவைத் திறந்தபோது பூச்சிகள் பறக்கவில்லை. காலடியில் நொறுங்கின. ஆற்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் அவர் ஒருவர்தான் ஆற்றை நோக்கி நடந்தார். பூச்சிகள் எல்லாம் எதிரே வந்துகொண்டிருந்தன.

கழகக் குடில் மரப்பாலத்தருகே இருந்தது. வராந்தாவில் மிசஸ் ஹார்பாட்டில், கழகத்தின் செயலாளர், தேநீர்க் கெண்டியோடு நின்றார். இரவல் கேட்டவர்களுக்குக்கூடத் தராத தொலைநோக்கி ஒன்று அவர் கழுத்தில் தொங்கியது. நாள்தோறும் ஆற்றின் நிலவரத்தைச் சொல்வது அவர் வேலை. வானொலியில் போர்ச்செய்தி வாசிப்பவர் குரலில் சொல்வார்.

"தண்ணி கண்ணாடி மாதிரி. குளிர்ச்சி பதமா இருக்கு. காத்து இல்ல. பூச்சி அள்ள அள்ளக் குறையாமக் கிளம்புது," என்றார். "அதைத் திங்கத்தான் ஒரு மீனையும் காணோம்."

"மீன் இருக்கும்மா. பார்க்கத் தெரியணும்," என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. குரலைத் தொடர்ந்து மீசை வந்தது. மீசையைத் தொடர்ந்து கர்னல் ஆப்ரி வெனபிள்ஸ் வந்தார். ராணுவத்தில் இருந்த காலமெல்லாம் காலுறைக் கிடங்கைக் காத்தவர். ஒரு காலுறையும் எதிரி கையில் சிக்கவில்லை என்பதை அவர் நடையிலேயே பார்க்கலாம்.

"ஒரு வாரமா எல்லாரும் வெறுங்கையோடதான் திரும்புறாங்க, கர்னல். பார்க்கத் தெரிஞ்சவங்களும்தான்."

"பூச்சி வந்தா மீன் வரும். விருந்து வெச்சா ஆள் வராம இருக்குமா?"

"மூணாம் பகுதியில ஒண்ணு எழும்புதாம். ஆல்டர் மரத்துக்குக் கீழ. பெரிசுன்னு சொல்றாங்க. ஆனா யாரும் தூண்டில் வீசல."

"ஏன் வீசல?"

மிசஸ் ஹார்பாட்டில் கெண்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "கேட்டேன். என்னமோ இன்னிக்கு வேணாம்னு தோணிச்சுங்கறாங்க. ஒருத்தர்னா சரி. எல்லாருமே அதையே சொல்றாங்க."

"பயந்தாங்கொள்ளிப் பசங்க," என்றார் கர்னல் மகிழ்ச்சியாக. பிறகு பில்பீமை மேலிருந்து கீழாகப் பார்த்தார். காலணியில் பார்வை நின்றது. "வந்துட்டீரா? ஹார்பாட்டில் அம்மா தொலைநோக்கியில பார்த்துச் சொன்னாங்க, காருக்கு நல்லாத்தான் சேறு பூசியிருக்கீராம். எங்க சேறு கறுப்பா இருக்காதே, சுண்ணாம்பு நிலமாச்சே. உம்ம ஊர்ல இருந்தே கொண்டுவந்தீரோ?"

பில்பீம் சிரித்தார். மிசஸ் ஹார்பாட்டிலும் சிரித்தார். வெள்ளரிக்காய் சாண்ட்விச் ஒன்று பில்பீமின் கையில் திணிக்கப்பட்டது. அது நாக்கில் ஈரத்துணி போலக் கிடந்தது.

கரையோரமாக நடந்தார்கள். கர்னல் முன்னே, பில்பீம் பின்னே. மிதித்த நீர்ப்புதினாவின் வாசனை, வெட்டிப்போட்ட நாணலின் பச்சை வாசனை, அவற்றுக்கு அடியில் இன்னொன்று, பழைய மீன்தொட்டியை வெயிலில் காயவைத்ததுபோல இலேசான ஒரு நாற்றம். தூரத்தில் மதகில் தண்ணீர் விழும் ஓசை. கர்னல் விதிகளைச் சொல்லிக்கொண்டே போனார். பில்பீமுக்கு அவை மனப்பாடம். இருந்தும் இப்போதுதான் கேட்பவரைப்போல ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

தூண்டில் முள்ளை மறைத்துக் கட்டிய, மிதக்கும் பொய்ப்பூச்சி மட்டும். நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக மட்டும் வீச வேண்டும். மேலே வந்து பூச்சியை வாங்குகிற மீனைக் கண்ணால் கண்ட பிறகே வீச வேண்டும். நிமிர்ந்து நடந்தால் மீன் பார்த்துவிடும், ஆகவே கரையில் முழந்தாள். தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. குரல் முணுமுணுப்பைத் தாண்டக் கூடாது.

"அப்புறம் முக்கியமானது. ஒருத்தன் தூண்டில்ல மீன் இருக்கும்போது இன்னொருத்தன் கை அவன் மேலயோ தூண்டில் மேலயோ படக்கூடாது. பட்டா அது அவன் மீன் இல்ல. போன வருஷம் ஒரு டாக்டர் தடுக்கி விழுந்த நண்பனைத் தூக்கிவிட்டார். நல்ல மனுஷர்தான்."

"அவருக்கு என்ன ஆச்சு, சார்?"

"இப்ப கோல்ஃப் ஆடுறார்," என்றார் கர்னல், ஒருவர் சிறைக்குப் போனதைச் சொல்வதுபோல.

முதல் பகுதியைக் கடந்தார்கள். இரண்டாவதையும் கடந்தார்கள். தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குத் தெளிவு. முழங்காலளவு ஆழத்தில் கூழாங்கற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே பொன்னிறத்தில் கிடந்தன. நீர்க்கொடிகள் வெள்ளைப் பூக்களோடு அலைந்தன. செத்த பூச்சிகள் இறக்கையை விரித்து, சிலுவை சிலுவையாக, மேற்பரப்பில் மிதந்து போய்க்கொண்டிருந்தன. எதுவும் அவற்றைத் தொடவில்லை. வருடத்தில் இந்த இரண்டு வாரம்தான் குருடனும் மீன் பிடிப்பான் என்பார்கள். வயிறு வெடிக்கத் தின்றும் டிரவுட் மீன்கள் அடங்காது. பில்பீம் தண்ணீருக்குள் தேடினார். ஒரு நிழல்கூட இல்லை. கொடிக்கடியில் ஒரு வால் இல்லை. ஒரு சின்னக் குஞ்சுகூட இல்லை. துடைத்து வைத்த வீடு போல இருந்தது ஆறு. குடியிருந்தவர்கள் சொல்லாமல் கிளம்பிப்போன வீடு.

"சார், மீனே இல்லாத மாதிரி..."

"உமக்குக் கண்ணு பழகல."

மூன்றாம் பகுதியின் எல்லையில் ஒரு மரக்கம்பம் இருந்தது. வானத்தில் உழவாரக் குருவிகள் கீச்சிட்டுக்கொண்டு தாழப் பறந்து பூச்சிகளை அள்ளிக்கொண்டிருந்தன. பில்பீம் நிமிர்ந்து பார்த்தார். கம்பத்துக்கு நேரே வந்ததும் அவை திரும்பின. எல்லாமே. கண்ணாடியில் மோதப் போகிறவை போல, வேகம் குறையாமல், ஒரே கோட்டில் திரும்பின. அந்தக் கோட்டுக்கு அப்பால் வானம் வெறுமையாக இருந்தது.

இதைச் சொல்லலாமா என்று நினைத்தார். குருவிகளுக்குப் பயப்படும் உறுப்பினர். மிசஸ் ஹார்பாட்டில் அதை ஆயுள் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். பார்வையை ஆற்றுக்குத் திருப்பினார்.

கர்னல் முழந்தாளிட்டார். அவர் மூட்டுகள் சடசடத்தன. பில்பீமும் அவருக்குப் பின்னால் இரண்டு கை தூரத்தில் முழந்தாளிட்டார்.

"அதோ."

ஆல்டர் மரம் ஆற்றின்மேல் சாய்ந்திருந்தது. அதன் நிழலில், தண்ணீர் கறுத்த இடத்தில், ஒரு வட்டம் விரிந்தது. பிறகு அந்த ஓசை வந்தது. பெரிய மீன் பூச்சியை வாங்கும்போது தண்ணீரைக் கலக்காது, இலேசாக உறிஞ்சும், தூங்கும் குழந்தைக்கு யாரோ முத்தம் கொடுத்ததுபோல ஒரு சத்தம் கேட்கும். அதே சத்தம்தான். ஆனால் கொஞ்சம் ஈரம் அதிகம். கொஞ்சம் நேரமும் அதிகம்.

"பார்த்தீரா? ராஜா மாதிரி சாப்பிடுறான்," என்று முணுமுணுத்தார் கர்னல். அவர் காதோரம் சிவந்திருந்தது.

பில்பீம் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். வட்டம் மறுபடி விரிந்தது. அப்போதுதான் எது சரியில்லை என்பது புரிந்தது. ஓடுகிற தண்ணீரில் எழும் வட்டம் விரியும்போதே நீரோடு கீழே நழுவிப் போகும். எல்லா ஆற்றிலும், எல்லா மீனுக்கும் அப்படித்தான். இந்த வட்டம் போகவில்லை. தண்ணீர் அதன் அடியில் ஓடியது. பூச்சிகள் அதன் இரு பக்கமும் ஒதுங்கி ஓடின. வட்டம் மட்டும் ஆணியடித்ததுபோல அங்கேயே விரிந்து, அங்கேயே அடங்கியது.

பூச்சிகள் ஒதுங்கித்தான் போயின. ஒன்றுகூட வட்டத்துக்குள் போகவில்லை. அப்படியானால் அது எதைச் சாப்பிடுகிறது?

"சார்," என்றார் பில்பீம். "அந்த வட்டம் நகரலையே."

கர்னல் திரும்பினார். கண்ணில் எரிச்சல் இருந்தது. எரிச்சலுக்குப் பின்னால், ஒரு கணம், வேறொன்றும் இருந்தது. அவரும் பார்த்திருந்தார். காலுறைக் கிடங்கின் தளபதி அதை மீசைக்குள் தள்ளி மறைத்தார்.

"இந்த ஆத்துல நான் மீன் பிடிக்க ஆரம்பிச்சப்போ நீர் என்ன பண்ணிக்கிட்டிருந்தீர்?"

பில்பீம் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தார்.

"மூத்தவனுக்குத்தான் முதல் வீச்சு. பார்த்துக் கத்துக்கும்."

தூண்டில் நரம்பு பின்னால் போய் முன்னால் வந்தது. அழகாக வீசினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். பொய்ப்பூச்சி, பஞ்சு விழுவதுபோல, வட்டத்துக்கு ஒரு முழம் மேல்நீரில் விழுந்து, மிதந்து வந்தது. மற்றப் பூச்சிகளைப்போல அது ஒதுங்கவில்லை. அதற்கு ஒதுங்கத் தெரியாது. நேராக வட்டத்தின் நடுவுக்குப் போனது.

முத்தச் சத்தம்.

மேப்பூச்சியை வாங்கிய மீனை உடனே இழுத்துவிடக் கூடாது. 'மன்னரைக் கடவுள் காப்பாராக' என்று நிதானமாகச் சொல்லி முடித்த பிறகே இழுக்க வேண்டும் என்பது இந்த ஆறுகளின் வழக்கம். கர்னல் அதை முழந்தாளிட்டபடியே, மார்பை நிமிர்த்தி, உதடசைத்துச் சொன்னார். மன்னர் அங்கே வந்திருந்தால் கூச்சப்பட்டிருப்பார். பிறகு தூண்டிலை உயர்த்தினார்.

நரம்பு விறைத்தது.

மீன் ஓடவில்லை. துள்ளவில்லை. கர்னலின் தூண்டில் வளையவும் இல்லை. நரம்பு மட்டும் நேர்கோடாக நின்றது. அது ஒரு சத்தம் போட்டது. மிக மெல்லியதாக, காதுக்குள் கொசு நுழைந்ததுபோல.

"மாட்டிக்கிச்சு," என்றார் கர்னல். சொல்லிவிட்டு ஓரடி முன்னால் நகர்ந்தார். முழந்தாளிலேயே.

"பெரிசா, சார்?"

"ரொம்ப." இன்னொரு அடி. கரையின் விளிம்பில் புல் சரிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. சரிந்த புல்லோடு, முழந்தாளிட்ட நிலையிலேயே, மாதா கோவிலில் முன்வரிசைக்கு நகர்கிறவர் போல, தண்ணீருக்குள் இறங்கினார்.

தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. பில்பீமின் மனம் முதலில் அதைத்தான் சொன்னது. அடுத்ததாக, இது பரீட்சை என்றது. வேண்டுமென்றே விதியை மீறிக் காட்டுகிறார். நான் சுட்டிக்காட்டுகிறேனா, அல்லது நாகரிகமாகப் பார்க்காததுபோல இருக்கிறேனா என்று சோதிக்கிறார். எது சரியான விடை? நாகரிகமாக இருப்பது என்று முடிவுசெய்து ஆல்டர் மரத்தின் இலைகளைப் பார்த்தார்.

"பில்பீம்."

குரல் குழறியது. பில்பீம் பார்த்தார். கர்னலின் முகம் ஆற்றை நோக்கித் திரும்பியிருந்தது. மீசையின் ஒரு பக்கம் கூடாரத்தின் முனைபோல முன்னால் இழுபட்டிருந்தது. உதடு நீண்டு, பல்லீறு தெரிந்தது. இழுத்தது எது என்பதை அந்த வெளிச்சத்தில் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"கையைக் குடும்யா."

பில்பீம் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார். "சார், தூண்டில்ல மீன் இருக்கும்போது தொடக்கூடாதுன்னு நீங்கதானே..."

கர்னல் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். கண் கலங்கியிருந்தது. "யாராச்சும் பார்க்குறாங்களா?"

பில்பீம் திரும்பினார். தூரத்தில், பாலத்தருகே, வராந்தாவில் மிசஸ் ஹார்பாட்டில் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்திருந்தார். பில்பீமின் முகம் தன் பக்கம் திரும்பியதைப் பார்த்ததும் உற்சாகமாகக் கையசைத்தார்.

"மிசஸ் ஹார்பாட்டில் பார்க்குறாங்க."

"அந்தக் கிழவியா." கர்னலின் தோள்கள் தளர்ந்தன. "அப்போ வேணாம்."

"சார்!"

"வேணாம்னேன். ஊரெல்லாம் சொல்லிருவா. மீனைப் பிடிக்கத் தெரியாம ஆளைத் தூக்கிவிட வெச்சாருன்னு." மூச்சு வாங்கியது. "நானே பார்த்துக்குறேன்."

தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்தது. பில்பீம் அதைப் பார்த்தபடியே இருந்தார். ஏதோ கணக்கு உதைத்தது. அங்கே ஆழம் முழங்காலளவு. கர்னல் உயரமானவர். கூழாங்கற்கள் தெரிந்தன, ஒவ்வொன்றும், பொன்னிறமாக, கர்னலைச் சுற்றி, கர்னலுக்கு அடியில். இடுப்பு வரை மனிதர் இருந்தார். தண்ணீரின் தோல் இருந்தது. தோலுக்குக் கீழே தெளிந்த நீரும் கற்களும் இருந்தன.

கால்கள் இல்லை.

தண்ணீர் மார்புக்கு வந்தது. கோட்டுப் பையிலிருந்து ஒரு கைக்குட்டை மிதந்து போனது. கர்னல் அலறவில்லை. தலையைத் திருப்பாமல், கையை மட்டும் உயர்த்தி, சும்மா இரும் என்பதுபோல ஒரு சைகை காட்டினார். அந்தக் கையும் இறங்கியது. கழுத்து. தாடை. ஒரு கணம் கண்கள் நீர்மட்டத்தில் நின்றன. முதல் முறையாக அவை பில்பீமின் காலணியைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தன. கெஞ்சின.

மூடிக்கொண்டன.

ஆல்டர் மரத்தடியில் வட்டம் விரிந்தது.

கத்த வேண்டும். பில்பீம் வாயைத் திறந்தார். "உதவி," என்றார். அது முணுமுணுப்பாக வந்தது. மறுபடி முயன்றார். மேசையில் உப்பை நகர்த்தச் சொல்கிறவர் குரலில் வந்தது. எழுந்து ஓட வேண்டும். முழந்தாள்கள் புல்லில் ஊன்றியிருந்தன. புதினாவின் வாசனை மூக்கை அடைத்தது. மீன்தொட்டி நாற்றம் இப்போது நாவிலேயே இருந்தது. மதகின் ஓசை கேட்கவில்லை. எப்போது நின்றது?

முத்தச் சத்தம்.

பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். பார்த்தார்.

வட்டத்தின் நடுவில் ஒரு வாய். வானத்தைப் பார்த்தபடி. சுற்றி ஈரமான மீசை. வாய் திறந்தது, உறிஞ்சியது, மூடியது. இதுவரை ஒதுங்கிப் போன பூச்சிகள் இப்போது ஒதுங்கவில்லை. ஒவ்வொன்றாக, வரிசையில், அதற்குள் போயின.

உயிரோடு இருக்கிறார். உயிரோடுதானே இருக்கிறார்? மூச்சு விடுகிறார். இழுத்துவிடலாம். கயிறு இல்லை. தூண்டில் இருக்கிறது. நரம்பு இருக்கிறது.

வாய் பேசியது. தண்ணீர் குமிழிட்டது.

"உம்ம முறை, பில்பீம்."

"சார், வெளிய வாங்க..."

"நல்லா வீசும். பார்த்துக்கிட்டிருக்கேன்."

ஒரு மனிதரைக் காப்பாற்றத்தான் தூண்டிலை எடுத்தேன் என்று பில்பீம் நினைத்தார். அப்படித்தான் நினைத்தார். ஆனால் கை நிதானமாக இருந்தது. முதுகு நேரானது. நரம்பைப் பின்னால் விட்டு, அது முழுதாக நீள்வதற்குப் பொறுத்து, மணிக்கட்டை முன்னால் தட்டியபோது, தலைவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும்தான் மனசில் இருந்தது. பஞ்சு விழுந்தது. வாழ்க்கையில் அவர் வீசியதிலேயே சிறந்த வீச்சு.

பொய்ப்பூச்சி மிதந்தது.

மீசை விலகியது. உதடுகள் பூச்சியைத் தொட்டன. பல் படாமல் வாங்கின.

பொறுத்தார். இழுத்தார்.

இழுப்பு கையில் தெரியவில்லை.

மேலுதட்டில் தெரிந்தது.

சின்ன வலி. ஊசி குத்தியதுபோல. பிறகு பலம். அவசரமில்லாத பலம். பில்பீம் விரலால் தொட்டுப் பார்த்தார். உதட்டின் உள்பக்கம் இரும்பு. வெளியே நரம்பு. அது நேராக ஆல்டர் மரத்தடிக்குப் போனது. தூண்டில் புல்லில் கிடந்தது. அதை எப்போது கீழே வைத்தார் என்று நினைவில்லை.

ஓரடி நகர்ந்தார். முழந்தாளிலேயே.

வராந்தாவில் மிசஸ் ஹார்பாட்டில் இன்னும் நின்றார். தொலைநோக்கி மின்னியது. இப்போது கத்தலாம். கையை விரித்து ஆட்டலாம். அவர் ஓடி வருவார். ஆளைக் கூப்பிடுவார். கத்தரிக்கோல் கொண்டுவருவார். வாரம் முழுக்க இதையே பேசுவார். 'பேசிங்ஸ்டோக்கிலிருந்து ஒருத்தர் வந்தாரு. முதல் நாளே...'

மிசஸ் ஹார்பாட்டில் கையசைத்தார்.

பில்பீமும் கையை உயர்த்தினார். மரியாதையாக, தோளுக்கு மேல் போகாமல், அசைத்தார்.

கரை சரிந்தது. தண்ணீர் குளிராக இல்லை. அதுதான் ஆச்சரியம். முழந்தாளுக்குக் கீழே கற்கள் இருக்கும் என்று நினைத்தார். கீழே எதுவும் தட்டுப்படவில்லை. குனிந்து பார்த்தார். தெளிந்த நீர். பொன்னிறக் கற்கள். அவற்றின்மேல் இலைகளின் நிழல் ஆடியது. அவருடைய நிழல் இல்லை.

இடுப்பு. மார்பு. வின்னி என்று சொல்லப் பார்த்தார். உதடு வேறு பக்கம் இழுபட்டது.

கழுத்து.

பக்கத்தில் மீசை. கண் மூடி, சுவைத்துக்கொண்டிருந்தது. அது கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டது.

தண்ணீர் கண்ணை மூடியது. வாயை மட்டும் மூடவில்லை. மேலே, மிக உயரத்தில், இன்னும் அணையாத வானம். அதன் குறுக்கே இறக்கையை விரித்தபடி ஒரு பூச்சி மிதந்து வந்தது. இன்னும் சாகவில்லை. ஒரு கால் துடித்தது. அவர் பல்லைக் கடித்தார். முழு பலத்தோடு கடித்தார்.

வாய் தானாகத் திறந்தது.